புல்லுக்குள்ளால் ஒரு வழி

ஜனவரி 11, ஞாயிறு

ஆரூரன் வந்தான். வழக்கம் போலக் காரை றோட்டில் விட்டுவிட்டுப் புல்லுக்குள்ளால் நடந்து வந்து, சப்பாத்துச் சேற்றை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தான். நாலு நாளாக மழை. ஸ்னோ முக்கால்வாசி கரைந்து புல் முழுக்கச் சகதி.

"றோட்டில இருந்து வீட்டு வாசல்வரை ட்ரைவே எண்டு ஒண்டு தார் போட்டு வடிவாக் கிடக்கெல்லே? மாடு மாதிரி ஏன்ரா புல்லுக்குள்ளால வாறாய்?" என்று ஏசினேன்.

"சொறி அம்மா" என்று மன்னிப்புக் கேட்டான். போன கிழமையும் இதே சொறிதான். பெற்ற பிள்ளை என்றாலும் ஒருநாள் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் போடப்போகிறேன்.

தேத்தண்ணி குடித்து முடிந்ததும் விஷயத்துக்கு வந்தான். வீட்டை விற்க வேண்டுமாம். "உங்களுக்கு இனி இது பெரிசு அம்மா. மார்கழி முழுக்க ட்ரைவேயில ஸ்னோ அப்பிடியே கிடந்தது, நீங்கள் தொடேல்லை. வித்துப்போட்டு எங்களோட வந்திருங்கோ. பேஸ்மென்ற் அறைக்குப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறம்."

"என்னை நிலத்துக்குக் கீழ வைக்கிறதுக்கு இன்னும் நேரம் வரேல்லை" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப் போனது. அவன்ரை அப்பா, இவர், போய் வருகிற 25ஆம் தேதி ஆண்டுத் திவசம். அந்த நினைப்பில்லாமல் வாய் முந்திவிட்டது. என் வாய் எப்போதும் அப்படித்தான்.

காரசாரமாகக் கதைத்து, கடைசியில் ஓர் ஒப்பந்தம். அடுத்த பெரிய ஸ்னோவுக்கு ஒருவரின் உதவியும் இல்லாமல், கூலிக்கு ஆள் பிடிக்காமல், நானே ட்ரைவே முழுவதையும் துப்பரவாக்க வேண்டும். செய்துவிட்டால் அவன் இந்தக் கதையை இனி எடுக்கமாட்டான். முடியாவிட்டால் பங்குனியில் வீட்டை விற்பது. "சரி" என்று சொல்லிவிட்டேன்.

என் இடது தோள்மூட்டு மேலே எழும்பாது, ஸ்னோ அள்ளுகிற ஷவல் பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறான். ஆனால் ஸ்னோவை அள்ளி எறிகிற மிசின் பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லவில்லையே.

போகும்போது வீடு விற்கிற ஏஜெண்டின் அட்டையை ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போனான். அட்டையில் அந்த ஆள் கோட்டு சூட்டோடு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஜனவரி 13, செவ்வாய்

காரில் இன்னுமொரு மஞ்சள் அபராத ரிக்கெற். மாரியில் இரவு காரை றோட்டில் விடக்கூடாதாம், ஸ்னோ தள்ளுகிற லொறிக்கு இடைஞ்சலாம். எழுதட்டும். எங்கள் ட்ரைவே சரிவு. வழுக்கும். அதனால் றோட்டில் விடுகிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். திவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு வில்வராசா அண்ணை ஒரு பெட்டியில் பொங்கல் கொண்டுவந்து தந்தார். முந்திரிகை வற்றல் கூடிப்போச்சு. சாப்பிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி

ஸ்னோ மிசின் வாங்கப்போகிறேன் என்று ஒருவருக்குச் சொன்னேன். பின்னேரத்துக்குள் இந்த ஏஜாக்ஸ் ஊரில் இருக்கிற தமிழ்ச்சனம் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது.

மருமகள் நிரோஜா சொன்னாள்: "மாமி, பற்றரியில ஓடுறது வாங்குங்கோ. பாரமில்லை, புகையில்லை, சத்தமில்லை." கோயிலில் சந்தித்த தர்மவதி ரீச்சர் சொன்னா: "புதுசு ஏன்? பாவிச்சது ஒண்டு என்ர தம்பியார் விக்கிறார்." அந்தத் தம்பியார் விற்ற குளிர்சாதனப் பெட்டி ரீச்சர் வீட்டிலேயே உடுப்பு வைக்கிற அலுமாரியாக நிற்கிறது. எனக்குத் தெரியாது என்று நினைக்கிறா.

வில்வராசா அண்ணைக்குச் சொந்தமாக ஸ்னோ மிசினே இல்லை. நாரி நோவு, இடுப்பு வளையாது என்று கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறார். ஆனால் எல்லாரையும் விட அவர்தான் கூடக் கதைத்தார். "தங்கச்சி, பெற்றோல் மிசின்தான் மிசின். மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான். குகதாசன் இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பான்."

இவர் இருந்த காலம் முழுக்க மிசின் வேண்டாம் என்றுதான் சொன்னவர். "இது எனக்கு எக்சசைஸ்" என்று ஷவலைத் தூக்கிக்கொண்டு போவார். அண்ணைக்கு அதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஜனவரி 17, சனி

கடைக்குப் போனேன். தோட்டச் சாமான் விற்கிற பெரிய கடை. டயான் என்று ஒரு வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும், தலைமயிரை ஊதாவில் பூசியிருந்தா. ஊதாத் தலையோடு நின்றாலும் கதை சரியான கதை. முதலில் மிசின் ஒன்றையும் காட்டவில்லை. "உன் ட்ரைவேயின் கடைசியில் என்ன இருக்கு?" என்று கேட்டா. றோட்டு இருக்கு என்றேன். "றோட்டில் லொறி ஸ்னோவைத் தள்ளிக்கொண்டு போகும்போது உன் வாசலில் என்ன விட்டுவிட்டுப் போகும்?"

அப்போதுதான் விளங்கியது. மேலே கிடப்பது பஞ்சு. கீழே றோட்டோரம் லொறி குவித்துவிட்டுப் போவது கட்டிப் பனி, கல்லுக்குச் சமம். சின்ன மிசின் பஞ்சை அள்ளும், கல்லில் மூக்குடைபடும். முன்னால் ஸ்னோவைக் கடித்து இழுக்கிற ஒரு திருகும் பின்னால் எறிகிற விசிறியும் உள்ள பெரிய பெற்றோல் மிசின்தான் அதை உடைக்குமாம். கயிறு இழுத்து ஸ்ரார்ட் பண்ண என் தோள் விடாது. அதனால் சுவரில் வயரைச் செருகி, பொத்தானை அமத்தினால் ஸ்ரார்ட் வருகிற ஒன்றைப் பார்த்து எடுத்தேன். வில்வராசா அண்ணை சொன்னதே சரியாகப் போனதுதான் வயிற்றெரிச்சல்.

டயான் இரண்டு விஷயம் திரும்பத் திரும்பச் சொன்னா. ஒன்று: திருகில் ஏதும் கடினமான சாமான் மாட்டினால் அதைப் பிடித்திருக்கிற சின்ன ஆணி முறியும். முறிவதற்கென்றே செய்த ஆணி, மிசின் தப்பும். மேலதிகமாக இரண்டு ஆணி ஒரு பையில் போட்டுத் தந்தா. மற்றது: மிசினின் வாய்க்குள் ஒருநாளும் கை போடக்கூடாது. நிற்பாட்டியிருந்தாலும் கூடாது. உள்ளே இறுகிக் கிடக்கிறது விடுபட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் விரல்கள் போய்விடும். தடிதான் போடவேண்டும்.

"சமையல்காரியின் விரல், கவனமாகப் பார்த்துக்கொள்வேன்" என்றேன். சிரித்தா.

ஜனவரி 19, திங்கள்

மிசின் வந்து இறங்கியது. கடை ஆட்கள் உருட்டிக்கொண்டுபோய்க் கராஜுக்குள் விட்டார்கள். சிவப்பு. எங்கள் முதல் கார் இதைவிடச் சின்னன்.

மணந்து பிடித்தவர் போல வில்வராசா அண்ணை தேங்காயோடு வந்துவிட்டார். "இரும்புச் சாமான், பெற்றோல் சாமான். உடைக்காமல் எடுக்கக் கூடாது தங்கச்சி." திவசம் முடியாத வீடு, நான் உடைக்கமாட்டேன் என்றேன். "நீங்கள் ஏன் உடைக்கிறியள்? நான் உடைக்கிறன்" என்று கராஜ் வாசலில் ஓங்கி அடித்தார். மழைத் தண்ணி உறைந்து ட்ரைவே கண்ணாடியாகக் கிடந்தது. ஒரு பாதி அவர் காலடியில் விழுந்தது. மற்றப் பாதி சறுக்கிக்கொண்டு சரிவால் இறங்கி, நடுவில் கிடந்த பழைய ஸ்னோத் திட்டுக்குள் போய்ப் புதைந்தது.

"நாரி குனிய விடாது, எடுங்கோ தங்கச்சி" என்றார்.

நான் போகவில்லை. பாதித் தேங்காய்க்கு யார் போவார்? அணில் தின்னட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

ஞாயிறு பெரும் புயலாம். சனி பின்னேரம் தொடங்கி ஞாயிறு காலை வரை கொட்டுமாம். ரி.வி.யில் வரைபடம் முழுக்க ஊதா நிறம், டயானின் தலை மாதிரி.

ஞாயிறுதான் திவசம். ஐயருக்குப் போன் அடித்தேன். "திதி மாறாது அம்மா, ஸ்னோவுக்காகத் தள்ளிவைக்கேலாது. நான் பக்கத்திலதானே, பிக்கறிங்கில இருந்து எப்பிடியாவது வந்திடுவன். ஆனால் எனக்கு முழங்கால் ஏலாது. கார் வீட்டு வாசல்வரை வரோணும்" என்றார். வரும் என்றேன்.

புத்தகத்தைப் பார்த்து எஞ்சின் எண்ணெய் விட்டேன், பெற்றோல் விட்டேன். கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்ரார்ட் பண்ணிப் பார்த்தேன். ஐயோ கடவுளே, என்ன சத்தம்! பல்லெல்லாம் ஆடியது. நிற்பாட்டினேன். திரும்ப ஸ்ரார்ட் பண்ணினேன். திரும்ப நிற்பாட்டினேன். நாலு தரம். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 22, வியாழன்

கடையில் சனம் யுத்தம் வரப்போகிற மாதிரி அள்ளுகிறது. பாண் இல்லை, பால் இல்லை, பற்றரி இல்லை. ஆனால் வாழைக்காய் இருந்தது, பூசணி இருந்தது, பயற்றங்காய் இருந்தது. புயலுக்கு ஆயத்தமாக வாழைக்காய் வாங்கிய ஒரே ஆள் நான்தான். தமிழ்க் கடையில் வாழையிலையும் எள்ளும் எடுத்தேன். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று மெழுகுதிரி, வாளிகளில் தண்ணி, கராஜில் காஸ் அடுப்பு. பொரியல் எல்லாம் எப்போதும் அங்கேதானே, வீடு மணக்கக் கூடாதென்று. மிசினில் பெற்றோல் கிடப்பது ஞாபகம் வந்து அடுப்பை மறுபடி குசினிக்கே தூக்கிவந்தேன். நல்லகாலம்.

ஜனவரி 23, வெள்ளி

ஆரூரன் போன் அடித்தான். குரல் ஒரு மாதிரி. "அம்மா, இந்தமுறை விடுங்கோ. அப்பாவின்ர திவசம். நான் விடிய வந்து நானே எடுக்கிறன். ஒப்பந்தத்தை வேற ஸ்னோவுக்குப் பாப்பம்."

"ஏன், நான் வெண்டிடுவன் எண்டு பயமோ?"

"அதில்லை அம்மா. உங்களுக்கு ஏதும்..." என்று நிறுத்திவிட்டான்.

"எனக்கு ஒண்டும் நடக்காது. நீ கவனமா வா" என்று வைத்துவிட்டேன். எனக்கு ஏதாவது நடந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று இன்றைக்குத்தான் நினைத்தேன்.

ஜனவரி 24, சனி

நாலு மணிக்குத் தொடங்கிவிட்டது. எதிர் வீடு தெரியவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

எல்லாரும் போய்விட்டார்கள். ஆறுதலாக எழுதுகிறேன்.

விடிய எழும்பி, முழுகி, கராஜ் கதவைத் திறந்தேன். கதவு மேலே போனது, ஆனால் கதவு நின்ற இடத்தில் இன்னொரு வெள்ளைக் கதவு நின்றது. தொடையளவு. றோட்டில் நிற்கிற என் கார் ஒரு மேடு மட்டும்தான். கொட்டுவது நின்றிருந்தது. ஒரு சத்தமில்லை.

"ராசாத்தி, மானத்தை வாங்கிப்போடாதை" என்று மிசினுக்குச் சொல்லிப் பொத்தானை அமத்தினேன். பிடித்தது. கைபிடியை அழுத்த, அது தானாகவே முன்னுக்குப் போய்க் கடித்தது. கடித்ததை வலப்பக்கம் வில்லாக வளைத்து எறிந்தது. என்னை மறந்து கூவிவிட்டேன். தோளில் நோவில்லை, மிசின் இழுக்கிறது, நான் பின்னால் நடக்கிறேன். ஒரு ஓட்டம் போய், திரும்பி, இன்னொரு ஓட்டம். வில்வராசா அண்ணை யன்னலுக்குள்ளால் கையைக் காட்டினார். நான் பார்க்காதது மாதிரி நின்றேன்.

மேற்பாதி முடிந்தது. நடுப்பகுதிக்குக் கிட்ட வரும்போது, மிசினைக் கொஞ்சம் ஒதுக்கி ஓரத்தால் போகலாமா என்று பார்த்தேன். அரைவாசியை விட்டுவிட்டால் ஐயரின் கார் வராது. கண்ணை இறுக்கிக்கொண்டு நேரே விட்டேன்.

ணங் என்றது. எஞ்சின் ஓடுகிறது, திருகு சுற்றவில்லை.

நிற்பாட்டி மிசின் திறப்பை, சாவியை, இழுத்து எடுத்தேன். குனிந்து பார்த்தால் வாய்க்குள் வில்வராசா அண்ணையின் தேங்காய்ப் பாதி இறுகி நிற்கிறது. வந்த கோபத்தில் கையைப் போட்டேவிட்டேன். கையுறை இரும்பில் பட்ட பிறகுதான் டயான் சொன்னது ஞாபகம் வந்தது. பட்டென்று இழுத்தேன். குசினிக்குப் போய்ச் சோற்று அகப்பையை எடுத்துவந்து அதன் காம்பால் நெம்பினேன். தேங்காய் வந்தது. ஆணி முறிந்திருந்தது.

புது ஆணி என்னிடம் இருந்தது. அதைப் போடக் குறடு வேண்டும். குறடு இவரின் சாமான் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை ஒரு வருசமாக நான் திறக்கவில்லை. திறக்க அவசியம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திறந்தேன். குறடு மேலேயே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நெஞ்செரிவுக்குப் போடுகிற குளிசை மட்டைகள். ஒன்றல்ல, ஒரு பிடி. எல்லாம் வெறும் மட்டை, ஒன்றில் மட்டும் இரண்டு குளிசை மிச்சம். எத்தனை மாதமாக இந்த மனிசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாய்வு வாய்வு என்று தனக்குத் தானே சொல்லி, இதை விழுங்கியிருக்கிறார்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போவேன் என்று தெரியும். ஷவலைப் பறிப்பேன் என்று தெரியும்.

ஆணியைப் போட முழங்காலில் இருக்க வேண்டும். மிசின் நின்ற இடம் இவர் விழுந்துகிடந்த இடம். போன வருசம் இதே மாதிரி ஒரு காலை, இவர் ஷவலோடு வெளியே போயிருந்தார், நான் உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். ஆறுகிறதே, வாங்கோ என்று கூப்பிடக் கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நான் கால் வைக்கவில்லை. கார் ஏற்றவில்லை. வழுக்கும் என்று இதில் எழுதியதெல்லாம் சும்மா.

இன்றைக்கு அதிலேயே முழங்காலைப் போட்டேன். "சொல்லியிருக்கலாம்தானே! வாயில என்ன கொழுக்கட்டையோ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இந்த மிசினைப் போன வருசமே வாங்கியிருப்பனே, இஞ்சேருங்கோ, வாங்கியிருப்பனே!" என்று கத்திக் கத்தி ஆணியை முறுக்கினேன். மூக்கால் வடிந்தது, கண்ணால் வடிந்தது, துடைக்கக் கையில்லை. ஆணி இறுகிவிட்டது. நான் கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தேன். நிலம் குளிராக இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

எழும்பி மிச்சத்தை முடித்தேன். கடைசியில் லொறி குவித்த கட்டி. மிசின் உறுமி, பின்னுக்கு வந்து, முன்னுக்குப் போய், கடித்துக் கடித்து உடைத்தது. றோட்டைத் தொட்டபோது கருந்தார் தெரிந்தது. கராஜில் இருந்து றோட்டு வரை, கரைக்குக் கரை, துப்பரவு. வீடு எனக்கு.

உள்ளே போய்ச் சோறு கறி சமைத்துக்கொண்டிருக்கும்போது ஆரூரனின் கார் சத்தம். தனியாக வந்தான். இந்த றோட்டில் வேண்டாமென்று நிரோஜாவையும் பிள்ளையையும் விட்டுவந்திருக்கிறான். யன்னலால் பார்த்தேன், அவன் முகம் எப்படிப் போகிறதென்று பார்க்க ஆசை. காரை றோட்டில் நிற்பாட்டினான். இறங்கி ட்ரைவேயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி, ஸ்னோ மேட்டில் ஏறி, புல் கிடந்த பக்கம் இறங்கினான். தொடை வரை புதைந்து, விழுந்து எழும்பி, கையை ஊன்றி வருகிறான்.

கதவைத் திறந்து, "விசரா! வழி முழுக்க எடுத்துக் கிடக்க ஏன்ரா புல்லுக்குள்ளால..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டேன்.

ஒரு வருசமாகச் சேற்றுக்கு ஏசியிருக்கிறேன். ஒரு வருசமாக அவன் சொறி சொல்லியிருக்கிறான்.

செருப்போடு ஸ்னோவுக்குள் இறங்கிப் போனேன். பாதி வழியில் பிடித்தேன். குளிரில் அவன் கன்னம் சிவந்திருந்தது.

"வாங்கோ உள்ள போவம், உங்களுக்குக் குளிரும்" என்றான்.

"காரை ட்ரைவேக்குள்ள விடு தம்பி."

"றோட்டிலயே நிக்கட்டும் அம்மா."

"ரிக்கெற் எழுதுவான்."

"எழுதட்டும்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "அதில என்னால ஏலாதம்மா. உங்களால ஏலாதெண்டு இல்லை நான் விக்கச் சொன்னது."

"தெரியும்" என்றேன். இப்போதுதான் தெரிந்தது, ஆனாலும் தெரியும் என்றேன். "எனக்கும் ஏலாமத்தான் இருந்தது. இண்டைக்கு அதில முழங்கால் போட்டு இருந்திட்டன். நிலம்தான்ரா. திறப்பைத் தா."

அவனைப் பக்கத்தில் இருத்தி நான் ஓட்டினேன். நடுவுக்கு வரும்போது அவன் என் சட்டைக் கையைப் பிடித்தான், சின்னப் பிள்ளையில் ஊசி போடும்போது பிடிக்கிற மாதிரி. நான் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கராஜ் வாசலில் கொண்டுபோய் நிற்பாட்டினேன். இரண்டு பேரும் காருக்குள் இருந்து அழுதோம். சோறு அடிப்பிடித்துவிட்டது. திரும்ப வடித்தேன்.

ஐயர் வந்தார். வாசல்வரை கார் வந்தது. இவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் படைத்தோம். குளிசைக் கதையை ஆரூரனுக்கு நான் சொல்லவில்லை.

பெப்ரவரி 8, ஞாயிறு

வெயில். ஸ்னோ கரைகிறது. ஆரூரன் நிரோஜாவோடும் பிள்ளையோடும் வந்தான். ஃபிரிட்ஜில் இருந்த அட்டையைக் காணவில்லை, காந்தம் மட்டும் கிடக்கிறது. என் கார் உள்ளே நின்றது, அதற்குப் பின்னால் தன் காரை விட்டான். ட்ரைவேயால் நடந்து வந்து, கரைந்த தண்ணியெல்லாம் சப்பாத்தோடு வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டான். அதற்கும் ஏசினேன்.